கல்லில் ஏழாவது வரி

ஆறு வரியோட நிறுத்திக்கிடுங்க தம்பி. ஏழாவது வரி எங்கிட்ட இருக்கு, இந்தா, சட்டப் பையில. இல்ல, இப்பம் தரமாட்டேன். நீங்க ஆறையும் வெட்டி முடிங்க, அதுக்குள்ள நான் ஒரு முடிவுக்கு வந்துருதேன். மணி என்ன? ரெண்டரையா? அஞ்சு மணிக்குள்ள முடியணும். கல்லு வேலையச் சொல்லல, என் வேலையச் சொல்லுதேன்.

உக்காரச் சொல்லாதீங்க. எனக்கு நின்னாத்தான் பேச்சு வரும். முப்பத்தொரு வருசம் மேடையில நின்னவன். இப்பம் வெட்டிக்கிட்டு இருக்கீங்களே, ‘மன்றச் செயலாளர் ஆவுடைநாயகம்’னு, அது நாந்தான். கரண்டாபீசுல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனேன். ‘ட’ கொஞ்சம் சின்னதா விழுந்திருக்கோ? சரி, சரி, நீங்க மயிலாடிக் கல்தச்சரு, உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கக் கூடாது.

ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. மேடைய எட்டிப் பாத்தீங்களா? தேக்குப் பலகை. கால வச்சா ‘தம்’முனு ஒரு சத்தம் வரும், அதக் கேட்டாலே வசனம் வந்துரும். இந்த அம்பாசமுத்திரத்துல வெள்ளிக்கிழமை நாடக மன்றத்துக்குன்னு ஒரு கட்டடம் வரும்னு எவனாவது நெனச்சானா? அதென்ன வெள்ளிக்கிழமைன்னு கேக்காதீங்க. ஒத்திகை பாக்க எங்களுக்குக் கெடச்சது ஒரு நெல்லுக் குடோனு. அதுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அவ்வளவுதான் பேருக்கு அர்த்தம்.

நாடகம் போட இடமில்லாம நாங்க பட்ட பாடு இருக்கே. கல்யாண மண்டபத்துல போடுவோம். முன்னால நான் கண்ணீர் விட்டுக்கிட்டு இருப்பேன், பின்னால மறுநாள் கல்யாணத்துக்கு ரெண்டு மூடை வெங்காயம் உரிப்பானுவ. ஜனம் அழுதா என் நடிப்புக்கு அழுதானா வெங்காயத்துக்கு அழுதானான்னு எனக்கே தெரியாது. பள்ளிக்கூட மைதானத்துல போட்டா மழை வரும். மழை வரலன்னா தலைமையாசிரியர் வந்து பேசுவாரு.

அதான் கட்டட நிதின்னு ஆரம்பிச்சோம். வீட்டக் கட்டிப்பாருன்னு சும்மாவா சொன்னான்? ராஜா வேசத்தோட கடைத்தெருவுல துண்டேந்திப் போனேன் தம்பி, கிரீடத்தோட. ஜவுளிக்கடைக்காரரு, ‘மகாராஜாவே இப்படி வந்துட்டா குடியானவன் நாங்க எங்க போவோம்’னு சொல்லிப் பத்து ரூவா போட்டாரு. துபாயில இருந்து வந்த ஒருத்தரு எட்டு ஃபேன் குடுத்தாரு. நல்ல மனுசன். ஆனா ஒவ்வொரு றெக்கையிலயும் அவரு பேரு எழுதியிருக்கு. ஓடுனா பேரு தெரியலன்னு இப்பம் ஓடவிடாதீங்கங்காரு. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாவ. சரின்னு வேர்த்துக்கிட்டு இருக்கோம்.

எல்லாம் வந்துச்சு, இடம் வரல. செங்கல்லு குடுத்தான், சிமெண்டு குடுத்தான், அஞ்சு செண்டு மண்ணு குடுக்க ஆளில்ல. கடைசியில குடுத்தது உலகம்மை மதினி. உங்க ரெண்டாவது வரியில இருக்கே, ‘வேம்பு நினைவாக’ன்னு, அந்த வேம்பு அண்ணாச்சியோட சம்சாரம். அண்ணாச்சி மைக் செட்டு வச்சிருந்தாவ. எங்க நாடகத்துக்கெல்லாம் அவிய மைக்குதான். காசு வாங்க மாட்டாவ, ‘ஒன் தொண்டைக்கு மைக்கே தேவையில்லலே, எதுக்குக் காசு’ம்பாவ. அவிய போயி நாலு வருசம் ஆச்சு. நீங்க உக்காந்திருக்கீங்களே, இது அவிய குழாயும் பெட்டியும் அடுக்கி வச்சிருந்த இடம்.

இனிமே சொல்லுததுதான் முக்கியம். டீ சொல்லட்டா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். காலையில இருந்து அஞ்சு குடிச்சாச்சு, வயிறு புண்ணாக் கெடக்கு.

என்னைப் பத்தி எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? ‘சாவு ஆவுடை’? இல்லியா? மயிலாடி வரைக்கும் வரல போல. தென்காசி வரைக்கும் தெரியும். மத்த நடிகனெல்லாம் மேடையில சாகணும்னா தேங்கா விழுந்த மாதிரி தொப்புனு விழுவான். நான் அப்படியில்ல. பதினோரு நிமிசம். வாட்ச்ச வச்சுப் பாத்திருக்கானுவ. ‘ஏழு தலைமுறைச் சொத்து’ன்னு எங்க நாடகம். அதுல நான் பெரிய மில்லு முதலாளி. மக வீட்ட விட்டுப் போயிட்டா, மகன்மாருக்குள்ள சொத்துச் சண்ட. மூணாவது அங்கத்துல நான் கட்டில்ல கெடந்து சாவேன். தண்ணி கேப்பேன், குடுத்தா வாய மூடிக்கிடுவேன். அப்பறம் இந்தக் கை இருக்கே, இத இப்படி மடக்கி, பெருவெரலுக்கும் முழங்கைக்குமா எதையோ சுத்துத மாதிரி சுத்துவேன். மெதுவா, சுத்திச் சுத்தி. பாளையங்கோட்டையில இருந்து ஒரு புரொபசர் வந்தாரு, ஆயுள் கயித்தச் சுருட்டுதாருன்னு மேடை ஏறி அரைமணி நேரம் பேசுனாரு. நான் தலைய ஆட்டிக்கிட்டு இருந்தேன். கடைசியா வாசலப் பாத்து, ‘கதவச் சாத்தாதீங்க, அவ வருவா’ம்பேன். அவ்வளவுதான். ஓடிப்போன மகளத் தேடுதான்னு ஜனம் குலுங்கிக் குலுங்கி அழும். ஒன்ஸ்மோர் கேப்பான். எந்திரிச்சு மறுபடியும் சாவேன். சிரிக்காதீங்க, செத்துட்டு எந்திரிச்சு ஒன்ஸ்மோர் குடுக்குதது லேசுப்பட்ட காரியமில்ல.

போன தை மாசம் மதினி ஆளனுப்பிக் கூப்பிட்டாவ. நான் மட்டும் போனேன். பத்திரத்த எடுத்து மேசையில வச்சாவ, காப்பி குடுத்தாவ. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்பம் சம்பந்தமே இல்லாம ஒரு கேள்வி கேட்டாவ. ‘கொழுந்தனாரே, நீங்க கதவச் சாத்தாதீங்கன்னு சொல்லுவீங்கள்லா, அது நாடகத்துல எழுதியிருக்கா?’

‘இல்ல மதினி, எழுத்துல கெடையாது. என் சொந்தக் கற்பனை. தானா வந்தது’ன்னேன்.

‘தானாவா வந்துச்சு?’

‘ஆமா மதினி.’

‘நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எங்கயும் கேட்ட மாதிரி இல்லியா?’

எனக்குக் கொஞ்சம் சுருக்குனு ஆயிட்டு. எவன் நாடகத்துலயோ திருடுனேன்னு நெனைக்காவளோன்னு. நடிகனுக்கு எல்லாம் உள்ள இருந்து வரணும் மதினின்னு ஒரு சின்னப் பிரசங்கமே பண்ணுனேன். அவிய டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போனாவ. ரொம்ப நேரம் வரல. கழுவுத சத்தம் மட்டும் கேக்கு, ஒரு டம்ளர எம்புட்டு நேரம் கழுவ? அப்பறம் வந்து, ‘இடம் தாரேன். ஒரே ஒரு கண்டிசன். அந்த மேடையில ஒருத்தரும் சாகக் கூடாது. நடிப்புலகூட. வாயில சொன்னா மறந்துருவீங்க, கல்லுல வெட்டி வாசல்ல வையுங்க’ன்னாவ.

நான் என்ன சொல்லுவேன்? பத்திரம் கண்ணு முன்னால இருக்கு. சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். அந்த வரிதான் என் பையில இருக்கது. மன்றத்துல ஒருத்தனுக்கும் தெரியாது. தலைவர் கேட்டாரு, கண்டிசன் எதுவும் உண்டா ஓய்னு. சும்மாதான் குடுக்காவன்னுட்டேன்.

நீங்களே சொல்லுங்க. சாவு இல்லாம என்ன நாடகம்? ராஜா சாகாம இளவரசன் எப்படிப் பட்டத்துக்கு வருவான்? மேடையக் கட்டிக்கிடு, ஆனா சாகாதேங்கது, வாய்க்கால வெட்டிக்கிடு, தண்ணி விடாதேங்க மாதிரி இல்ல? பொம்பளையளுக்கு ஒரு பயம், புது இடத்துல அபசகுனம் கூடாதுன்னு. மூட நம்பிக்கைதான், வேற என்ன. ஆனா எழவு, என் தலையிலதான வந்து விடியுது! எனக்கு அறுபத்திரெண்டு வயசு. சிரிப்பு வேசம் வராது, பாட்டு வராது, ஒரு காலு முட்டி வேற மடங்காது. எனக்குன்னு இருக்கது அந்தப் பதினோரு நிமிசம்தான் தம்பி. அதுவும் போச்சுன்னா நான் யாரு? திரைய இழுக்குத ஆளு.

ஞாயித்துக்கிழமை என்ன நாடகம்னு நெனைக்கீங்க? அதேதான். நோட்டீசு ஒட்டியாச்சு.

இதுல என்ன விசயம்னா, மதினி இன்னைக்கு ஊர விட்டுப் போறாவ. கோயம்புத்தூருல மக வீட்டுக்கு. மருமகன் காரு கொண்டுட்டு வந்திருக்காரு, அஞ்சு மணிக்குக் கெளம்புதாவ. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டாவ, வீட்டுக்குக்கூட ஆளு பாத்தாச்சு. ஏழாவது வரிய நான் கிழிச்சுப் போட்டா எவன் கேக்கப் போறான்? கல்லப் பாக்கவா கோயம்புத்தூருல இருந்து வரப் போறாவ?

அதான் காலையில இருந்து அவிய தெருப்பக்கமே போகல. தலைவர் போன் பண்ணுதாரு, வாரும் ஓய், வழியனுப்பிட்டு வருவோம்னு. கல்லு வேலை நடக்கு, நான் பக்கத்துல நிக்கணும்னுட்டேன். நிக்கேன்ல?

எனக்கு வருத்தம் என்னன்னா, அந்த மதினியே என் ரசிகைதான். ஒம்பது தடவ பாத்திருக்காவ. எப்பமும் ரெண்டாவது வரிசை, ஓரச் சீட்டு. மொத நாடகத்துக்கு வரும்போது அண்ணாச்சி போயி மூணு மாசம்கூட ஆகல. புருசன் போயி வருசம் திரும்பல, நாடகம் பாக்க வந்திருக்காளேன்னு ஊரு ஏசிச்சு. அதையெல்லாம் பாக்காம வந்தாவ. அப்பேர்ப்பட்ட கலை ஆர்வம். அந்த ஆளே வந்து சாகாதேங்காவ!

எங்க படிச்சேன்னா கேக்கீங்க, இப்படிச் சாகதுக்கு? கேட்டீங்களே, இதுவரைக்கும் ஒருத்தன் கேக்கல. தொழில் ரகசியம். வேற ஊரு ஆளுன்னு சொல்லுதேன்.

வேம்பு அண்ணாச்சிகிட்டப் படிச்சேன். அவிய ஆஸ்பத்திரியில கெடந்தாவல்லா, கடைசி மூணு நாளு நாந்தான் கூட. மதினியும் நானும் மாத்தி மாத்தி. மூணாவது நாளு காலையில பதினோரு மணி இருக்கும், கொஞ்சம் தெளிவா இருக்காவளேன்னு மதினி கஞ்சி வச்சுக் கொண்டாரேன்னு வீட்டுக்குப் போனாவ. அவிய படி எறங்கியிருப்பாவ, இங்க அண்ணாச்சிக்கு மூச்சு மாறிட்டு. தண்ணின்னாவ, குடுத்தா வாய மூடிக்கிட்டாவ. அந்தக் கை இருக்கே, அது பாட்டுக்கு வயரு சுத்துது. விசேஷ வீடு முடிஞ்சதும் வயரச் சுருட்டுவாவல்லா, முழங்கையில போட்டு, அதே மாதிரி. நாப்பது வருசம் சுருட்டுன கை. நர்சம்மா கதவச் சாத்த வந்தாவ. அண்ணாச்சிக்கு எங்க இருந்து அந்தச் சத்தம் வந்துச்சோ, ‘கதவச் சாத்தாதீங்க, அவ வருவா’ன்னாவ. நாலு தடவ. நாலாவது தடவ சத்தமே இல்ல, வாய் மட்டும் அசைஞ்சுச்சு. அப்பறம் போயிட்டாவ.

மதினி தூக்குவாளியோட வந்து நின்னாவ. ‘எப்படிப் போனாவ கொழுந்தனாரே? என்னைத் தேடுனாவளா?’ன்னு கேட்டாவ. அந்த நேரத்துல என்ன சொல்ல? தூக்கத்துலயே போயிட்டாவ மதினி, ஒண்ணும் தெரியாம போயிட்டாவன்னேன். நீங்களா இருந்தாலும் அதத்தான சொல்லுவீங்க? நல்லதுக்குத்தான சொன்னேன். சாகும்போது தேடியிருக்காவ, பக்கத்துல இல்லாமப் போயிட்டமேன்னு ஆயுசு பூரா குமையக் கூடாதுன்னுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால நின்னு செஞ்சு பாத்தேன். தப்பா நெனைக்காதீங்க, அழுதுகிட்டேதான் செஞ்சேன். எனக்கும் அவிய கூடப் பொறந்த மாதிரி. ஆனா நடிகனுக்குப் புத்தி அப்படித்தான் போகும். இத வச்சா மூணாவது அங்கம் எங்கயோ போயிரும்னு தோணிச்சு.

என்ன அப்படிப் பாக்கீங்க? ஆமா, சொந்தக் கற்பனைன்னுதான் மதினிகிட்டச் சொன்னேன். நாடகத்துல வைக்கணும்னு தோணுச்சே, அது என் கற்பனைதான? நீங்க ஏன் கைய நிறுத்திட்டீங்க? வெட்டுங்க.

மூணு மாசத்துல வேம்பு அண்ணாச்சி நினைவு நாடகம் போட்டோம். மேடை ஓரத்துல அவிய போட்டோ, ரோசாப்பூ மாலை. மதினிய நானே வீட்டுல போயி வற்புறுத்திக் கூட்டிட்டு வந்து ரெண்டாவது வரிசையில உக்கார வச்சேன். சால்வை போத்துனோம். அப்பறம் நாடகம். அன்னைக்கு மாதிரி நான் என்னைக்குமே செஞ்சதில்ல. மூணு ஒன்ஸ்மோர் தம்பி! மூணு தடவ எந்திரிச்சு, மூணு தடவ வயரச் சுருட்டி, மூணு தடவ...

என்ன சொன்னீங்க?

அந்தம்மாவுக்கு அந்தக் கை தெரியாதான்னா?

எப்படித் தெரியும். ரூமுல நான் ஒருத்தன்தான இருந்தேன். நான் சொல்லாம அவியளுக்கு எப்படி... இல்ல, கை தெரியும். கை தெரியாம இருக்குமா. முப்பத்தஞ்சு வருசம் கூட இருந்தவிய. விசேஷ வீட்டுல இருந்து வயரு வந்து எறங்குனா, சிக்கெடுத்துக் குடுக்கதே அவியதான்.

கொஞ்சம் இருங்க. அந்தச் சாக்கு மேல உக்காந்துக்கிடுதேன்.

ஊரே அழுதுச்சு அன்னைக்கு. அவிய மட்டும் அழல. கண்ண எடுக்காம என் கையவே பாத்துக்கிட்டு இருந்தாவ. ஆகா, நடிப்புல சொக்கிப் போயிட்டாவன்னு நெனச்சேன். அதுக்குப் பெறகு எங்க நாடகம் போட்டாலும் வந்துருவாவ, கடையம்னாலும் பாவூர்சத்திரம்னாலும் பஸ்ஸு புடிச்சு வந்துருவாவ. நாடகம் முடிஞ்சு நான் வேசத்தக் கலைச்சுட்டு வெளிய வந்தா அங்கன நிப்பாவ. எப்படி மதினி இருந்துச்சும்பேன். ‘நல்லா இருந்துச்சு’ம்பாவ. சொல்லிட்டுப் போக மாட்டாவ. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிப்பாவ. நான் அடுத்த ஆளுகிட்டப் போயி, உங்களுக்கு எப்படி இருந்துச்சும்பேன்.

ஒம்பது தடவ. நான் கைதட்ட வாராவன்னு நெனச்சேன். அவிய கேக்க வந்திருக்காவ தம்பி. ‘என்னைத் தேடுனாவளா’ன்னு அன்னைக்குக் கேட்டதுக்கு நெசமான பதில் என் வாயில இருந்து என்னைக்காவது வந்துராதான்னு வந்து வந்து நின்னிருக்காவ. ஊரு பூராவுக்கும் காட்டுனேன். டிக்கெட்டு போட்டுக் காட்டுனேன். அவிய ஒருத்தருக்கு மட்டும் சொல்லல. கடைசியில வாய விட்டே கேட்டுட்டாவ, யோசிச்சுச் சொல்லுங்கன்னு. நான் பிரசங்கம் பண்ணியிருக்கேன். பாவி. நான் ஒரு பாவிப்பய தம்பி.

இந்தாங்க தாளு. வெட்டுங்க. அவிய சொன்னபடியே எழுதியிருக்கேன், ஒரு எழுத்து கூட்டாதீங்க, கொறைக்காதீங்க. தலைவர் வந்து என்ன ஓய் இதுன்னு கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். நாடகமா? அப்பன் பொழச்சுக்கிடட்டும். மக வந்துரட்டும். ரெண்டு நாளு இருக்கு, மாத்திக்கிடலாம். மாத்த முடியலன்னா வேற நாடகம். என்னமும் பண்ணுவோம். என் பேர மட்டும் எடுத்துராதீங்க, அது இருந்துட்டுப் போகட்டும்.

மணி என்ன? நாலு பத்தா? நடந்து போனா ஏழு நிமிசம். இப்பமே சாமானெல்லாம் ஏத்திக்கிட்டு இருப்பாவ. மருமகன், தலைவர், தெருவுக்காரங்கன்னு அம்புட்டுப் பேரும் நிப்பாவ. அவங்க முன்னால வச்சா சொல்ல? தனியாக் கூப்பிடணும். என்னன்னு சொல்லிக் கூப்பிட? நீங்க கொஞ்சம் கேளுங்க, இது சரியா வருதான்னு பாருங்க.

‘மதினி. அன்னைக்கு நான் உங்ககிட்டச் சொன்னது பொய். அண்ணாச்சி தூக்கத்துல போகல. உங்களத்தான் தேடுனாவ.’

என்ன? ரொம்பச் சத்தமா இருக்கா? மேடையில பேசுத மாதிரியா இருக்கு?

இருங்க, மறுபடியும் சொல்லுதேன். பையப் பேசி எனக்குப் பழக்கமே இல்ல தம்பி.